ஒரே கணக்கில் இரண்டு கையெழுத்து

1

இந்தக் கதை என் சோம்பேறித்தனத்தில் பிறந்தது. புது டேப்லெட் வாங்கியதும் பழையதை அக்காவுக்குக் கொடுத்தேன். கொடுக்கும் முன் அதில் என் கணக்கை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. மற்றவர்களுக்குக் கதை கனவில் வரும், மழையில் வரும் என்கிறார்கள். எனக்கு சிங்க் ஆகி வந்தது.

நான் எதையும் கையால்தான் எழுதுவேன். தாளில் அல்ல, டேப்லெட் திரையில், அதற்கென்று உள்ள பேனாவால். ஒரே கணக்கில் இரண்டு டேப்லெட் இருந்தால், இதில் எழுதியது கொஞ்ச நேரத்தில் அதிலும் போய் நிற்கும். அதற்குப் பெயர்தான் சிங்க். அக்காவின் கணவர், அத்தானிடம் இதை விளக்கியபோது, "சிங்க்னா பாத்திரம் கழுவுறதுதானே?" என்று கேட்டார். தவறில்லை. நான் இங்கே போடுகிற எச்சில் தட்டு, அடுத்த ஊரில் அக்கா வீட்டுத் தொட்டியில் போய் விழுகிறது.

ஒரு நாள் காலை, ஏதோ கட்டுரைக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். என் வரிக்குக் கீழே, என்னுடையதல்லாத கையெழுத்து வந்து உட்கார்ந்தது:

'சூப் போதும்ங்க. வாயைத்தான் மூடச் சொன்னாங்க, பல்லைப் பிடுங்கலை.'

அப்போதே கணக்கை மூடியிருக்கலாம். ஆனால் அந்த வரி, என் கட்டுரையின் எல்லா வரிகளையும்விட நன்றாக இருந்தது.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'குரலை இழந்த அந்தப் பெண்ணின் கண்களில்—'

(நிறுத்திவிட்டேன். கண்களில் என்ன இருந்தது என்று எனக்கெப்படித் தெரியும்? எனக்கு வருவது கையெழுத்து மட்டும்.)

இரண்டாவது முயற்சி: 'மௌனம் ஒரு—'

(மௌனத்தை எதோடு ஒப்பிட்டாலும் வாசகருக்குக் கொட்டாவி வரும்.)

மூன்றாவது, நேராக: என் அக்கா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். ஒரு கார், ஒரு சின்ன அலுவலகம், வாசலில் ஒரு போர்டு. ஊரில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் வாங்கினார்கள். "கிளட்ச்! கிளட்ச்சுன்னு சொன்னேன், காலை எங்க வெச்சிருக்கீங்க?" என்று அவள் கத்தினால் எதிரே வருகிற வண்டிக்காரர்களும் கிளட்சை மிதிப்பார்கள் என்று பேச்சு. அவளுக்கு 'ஹாரன்' என்று பட்டப்பெயர். கத்திக் கத்திக் குரல்நாணில் கட்டி வந்தது. அறுவைச் சிகிச்சை செய்து எடுத்த மருத்துவர், "இரண்டு வாரம் பேசவே கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது, அது இன்னும் மோசம்" என்று சொல்லிவிட்டார். அதற்காகத்தான் டேப்லெட்.

இந்தப் பத்தியை எழுதி முடித்த மறுநிமிடம், முதல் முயற்சியின் பக்கத்தில் ஓர் அம்புக்குறி வந்தது. அம்பின் நுனியில்: 'கண்ணுல கண்ணாடி இருந்துச்சு. அதைப் போடு. அப்புறம், என்னைப் பத்தி எழுதறதுன்னா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?'

'கேட்டா பதில் சொல்ல முடியாதேன்னுதான்' என்று எழுதினேன்.

'கொழுப்பு' என்று வந்தது. அதன் கீழே, 'சரி, எழுது. பொய் எழுதினா அழிப்பேன்.'

3

பேசாமல் இருப்பதைவிடக் கஷ்டமான விஷயம் ஒன்று உண்டு என்பதை அவள் கையெழுத்திலிருந்து தெரிந்துகொண்டேன். பேச்சு ஓடும், எழுத்து நடக்கும். நாலு பேர் பேசுகிற இடத்தில் அவள் ஒரு பதிலை எழுதி முடித்து டேப்லெட்டைத் திருப்பிக் காட்டும்போது, பேச்சு இரண்டு தெரு தாண்டியிருக்கும். அவள் பக்கங்களில் அப்படிப்பட்ட பாதி வாக்கியங்கள் நிறையக் கிடந்தன. 'இல்ல, அந்த டயர் போன மாசம்தான்', 'அவங்களுக்கு டெஸ்ட் தேதி', 'நான் என்ன சொல்றேன்னா'. ஒன்றுகூட முடிந்திருக்கவில்லை.*

அந்த இடைவெளியில் அத்தான் புகுந்தார். அத்தான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஒருவர் எந்த எழுத்தில் தடுமாறுகிறார் என்று பார்த்துப் பார்த்துப் பழகியவர். அவள் தடுமாறும் முன்பே எடுத்துக்கொடுக்க ஆரம்பித்தார். யாராவது நலம் விசாரித்தால் "அவளுக்கு அசதியா இருக்கு" என்பார். மாணவர்கள் போன் செய்தால் "அவ இப்போதைக்கு வர மாட்டா" என்பார். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து 'நான் எப்ப சொன்னேன்?' என்று எழுதிக்கொண்டிருப்பாள்.

[* கையெழுத்தை அச்செழுத்தாக மாற்றுகிற வசதியும் இதில் இருக்கிறது. அக்கா ஒருமுறை அதைத் தட்டிவிட்டாள். 'கிளட்ச்' எல்லாம் 'கிளி' ஆனது. 'கிளியை மெதுவா விடணும்' என்ற வரியை அழிக்க மனம் வரவில்லை. இரண்டு டேப்லெட்டிலும் பத்திரமாக இருக்கிறது.]

4

இப்போது காருக்குள் போகவேண்டும். நான் அந்தக் காரில் இல்லை. ஆனாலும் என்ன நடந்தது என்று உறுதியாகச் சொல்வேன். என்னிடம் அவள் அங்கே எழுதிய பக்கம் இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து மருத்துவரிடம் காட்டினார்கள். புண் ஆறுகிறது, இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள் என்றார். திரும்பி வரும் வழி. வீட்டுக்கும் ஸ்கூலுக்கும் அந்த ஒரே கார்தான். அத்தான் ஓட்டினார். அக்கா பக்கத்து இருக்கையில், அதாவது பயிற்சி கொடுப்பவரின் இருக்கையில், டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. மாணவர் மறந்தால் ஆசிரியர் மிதிப்பதற்கு.

அத்தானின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். எதிர்வீதியில் இன்னொரு டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவர்.

"சார், ஒண்ணாம் தேதி போர்டு மாத்திடலாமா? ஒரு வருஷத்துக்கு ஸ்கூலை நானே பாத்துக்கறேன். மேடத்துக்கும் ரெஸ்ட். அவங்ககிட்ட சொல்லிட்டீங்கல்ல?"

"சொல்லணும்... சொல்லிடறேன்" என்றார் அத்தான்.

பக்கத்தின் முதல் வரி: 'எந்த போர்டு?' எழுத்துகள் மேடும் பள்ளமுமாக இருக்கின்றன. கார் ஓடுகிறது. இரண்டாவது வரி: 'இங்க பாருங்க. இதைப் படிங்க.' அதுவும் நடுங்குகிறது. ஓட்டுகிறவர் எப்படிப் படிப்பார்? சாலையைப் பார்க்க வேண்டுமே. அதை அவருக்குக் கற்றுக்கொடுத்ததே அவள்தான்.

மூன்றாவது வரி கோடு போட்டதுபோல் நேராக இருக்கிறது: 'என் ஸ்கூலை நான் யாருக்கும் தரலை.'

இரண்டாவது வரிக்கும் மூன்றாவது வரிக்கும் நடுவில், அவள் பிரேக்கை மிதித்திருக்கிறாள்.

நான் இங்கே 'டயர்கள் அலறின' என்று எழுதியிருந்தேன். உடனே அதன்மேல் ஒரு கோடு விழுந்தது. 'அலறலை. இருபதுல போனோம். கண்ணாடியில பின்னாடி பாத்துட்டு, ஓரமா வந்ததும்தான் மிதிச்சேன். எனக்கே வண்டி ஓட்டக் கத்துக்கொடுக்கறியா?'

எனவே, டயர்கள் அலறவில்லை. வண்டி ஒழுங்காக ஓரத்தில் நின்றது.

"என்னம்மா? என்ன ஆச்சு?" என்றார் அத்தான்.

அவள் டேப்லெட்டை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவர் படித்தார். போனில் அந்த மனிதர், "சார்? லைன்ல இருக்கீங்களா?" என்றார்.

அக்கா போனைத் தாங்கியிலிருந்து எடுத்து அவர் வாயருகே கொண்டுபோனாள்.

"போர்டு மாத்த வேண்டாம்ங்க" என்றார் அத்தான்.

"ஏன் சார், நேத்துகூட சரின்னீங்களே?"

"நேத்து நான் பேசினேன். இப்ப ஓனர் பக்கத்துல இருக்காங்க."

5

அத்தானை நான் முதலில் வில்லனாகத்தான் எழுதினேன். ஒரு பக்கம் முழுக்க: இனிக்கப் பேசி எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்ளும் கணவன். நன்றாகவே வந்திருந்தது. எழுதி முடித்ததும் அக்கா அழிப்பானை எடுத்துவிட்டாள். எழுத்துகள் வரிவரியாகக் கரைவதை நான் இங்கே உட்கார்ந்து பார்த்தேன்.

'அவர் வில்லன் இல்ல. பயந்தாங்கொள்ளி. வேணும்னா கேட்டுப் பாரு.'

கேட்டேன். அத்தான் போனில் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் பேசாமல் இருப்பது ஒட்டுவாரொட்டி போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"மறைக்கணும்னு இல்லம்மா" என்றார் கடைசியில். "சொன்னா கத்துவா. கத்தினா புண்ணு என்ன ஆகும்? ஆறட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

"ஆறினப்புறம் ஸ்கூல் இருந்திருக்காதே, அத்தான்."

"ஆமா" என்றார். "ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு மாசம், தினம் பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு, 'பிரேக், பிரேக்'னு சொல்லிப் பாப்பா. காத்துதான் வரும். நான் வெளிய நின்னு கேட்டுட்டு இருப்பேன். மறுபடியும் அதைக் கேக்க என்னால முடியாது."

இந்த வரிகளை எழுதி முடித்துக் காத்திருந்தேன். அக்கா எதையும் அழிக்கவில்லை. ஓரத்தில் சின்னதாக வந்தது: 'வெளிய நின்னாரா? எனக்குத் தெரியாது.'

அந்தப் பக்கத்தை இரண்டு பேரும் அப்படியே விட்டுவிட்டோம்.

6

மறுவாரமே அக்கா வகுப்பைத் தொடங்கினாள், பேசாமல்.

இங்கே எனக்கு ஒரு பேராசை வந்ததை ஒப்புக்கொள்கிறேன். 'கத்தாமல் கற்பித்தபோதுதான் அவள் உண்மையான ஆசிரியை ஆனாள்' என்று ஒரு வாக்கியம் கைக்குள் தயாராக இருந்தது. எழுதியும்விட்டேன். பத்திரிகைகளுக்குப் பிடிக்கும்.

பதில் பாய்ந்து வந்தது: 'பொய். சைடு கண்ணாடி உடைஞ்சுது.'

நடந்தது இதுதான். மாணவி ஒரு பல் டாக்டர். துணிச்சலோடு வந்தார். "நீங்க கவலையே படாதீங்க மேடம். வாயைத் திறந்து வெச்சுக்கிட்டுப் பேஷன்ட் உளர்றதே எனக்குப் புரியும்" என்றார். அக்கா டேப்லெட்டில் 'மெதுவா' என்று எழுதிக் காட்டினாள். டாக்டர் படிக்கத் திரும்பினார். கண் போன பக்கம் கை போயிற்று, கை போன பக்கம் வண்டி போயிற்று. ஒரு வீட்டின் இரும்புக் கதவில் பக்கக் கண்ணாடி உரசி நொறுங்கியது.

அத்தான் வந்து பார்த்து, "கண்ணாடிதானே, நம்ம டிபார்ட்மென்ட்" என்றார்.

அதன் பிறகு டேப்லெட் பின் இருக்கைக்குப் போயிற்று. டேஷ்போர்டில் ஒரு தட்டு தட்டினால் மெதுவாகப் போ, இரண்டு தட்டினால் நிறுத்து. திட்ட வேண்டுமென்றால் வண்டியை ஓரம் கட்டி, பின்னால் எட்டி டேப்லெட்டை எடுத்து, நிதானமாகத் திட்டு எழுதிக் காட்டுவாள். அவையெல்லாம் எனக்கும் வந்தன. ஒன்று: 'டாக்டர், ஸ்டீயரிங் பல் இல்ல. பிடுங்காதீங்க.'

7

கடைசியில் முடிவுகளுக்கு வந்திருக்கிறோம். மூன்று எழுதினேன்.

முதல் முடிவு: குரல் முழுதாகத் திரும்புகிறது. கிளட்ச் என்ற சொல்லில் தெருவே அதிர்கிறது.

இரண்டாவது: குரல் மெல்லிதாக, உடைந்து வருகிறது. அவள் அதை வைத்துக்கொண்டு வாழப் பழகுகிறாள்.

மூன்றாவது: குரல்

(இதை முடிக்கவே முடியவில்லை. கை வரவில்லை.)

மூன்றையும் அக்கா அழித்துவிட்டாள். மறுபடி எழுதினேன், மறுபடி அழித்தாள். மேலே நீங்கள் படித்தது, நெட்டை அணைத்துவிட்டு நான் எடுத்துவைத்த நகல்.

மருத்துவர் பேச அனுமதித்த அன்று பஸ் பிடித்துப் போனேன். ஸ்கூல் வாசலில் கார் நின்றது. புதுப் பக்கக் கண்ணாடி பளபளத்தது. அத்தான் கடையை அடைத்துவிட்டு வந்து, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். அக்கா அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். தண்ணீர் ஒரு வாய் குடித்தாள். வாயைத் திறந்து பேசினாள்.

அவள் என்ன சொன்னாள், எந்தக் குரலில் சொன்னாள், அத்தான் ஏன் சட்டென்று போனட் பக்கம் திரும்பிக்கொண்டார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் எழுதினேன். நல்ல பத்தி அது, என் கையால் எழுதியதிலேயே நல்லது என்றுகூடச் சொல்வேன். இந்த இடத்தில்தான் இருந்தது:

[                    ]

எழுதி முடித்துப் பேனாவைக் கீழே வைக்கும் முன்பே அழிப்பான் வந்துவிட்டது. 'ஏன்?' என்று எழுதினேன். 'இது உண்மைதானே? பொய் எழுதினாத்தானே அழிப்பேன்னு சொன்னே?'

பிறகு அக்காவின் கையெழுத்து, ஓடாத வண்டியில் எழுதியதுபோல் நேராக, ஒவ்வோர் எழுத்தாக வந்து நின்றது:

'படிக்கிறவங்களுக்கு என் குரல் எப்படி இருக்குன்னு தெரியணும்னா வந்து வண்டி கத்துக்கட்டும். காலையில ரெண்டு இடம் காலியா இருக்கு.'