முந்தின ஸ்டேஷன்

விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் இருபத்தாறு பெண்கள் நெடுஞ்சாலை ஓரமாக ஒற்றை வரிசையில் நடந்தார்கள். நடைபாதை கிடையாது. தண்ணீர் லாரி உரசிப் போகும்போதெல்லாம் சாப்பாட்டுப் பையை மாரோடு அணைத்துச் சகதிப் பக்கம் ஒதுங்கினார்கள். காஞ்சிபுரத்தில் முதல் ரயிலைப் பிடித்து, இடையில் விமான நிலைய ரயிலுக்கு மாறி வந்தவர்கள். கடைசி ஸ்டேஷனுக்கு முந்தினதிலேயே இறங்கிவிட்டார்கள். விமான நிலைய ஸ்டேஷனுக்குத் தனிக் கட்டணம். ஊரிலிருந்து வந்த செலவைவிட அந்த ஒரு ஸ்டேஷனுக்கு அதிகம். கம்பெனி அதைத் தராது. விமான நிலையத்தின் தரையைத் துடைக்கப் போகிறவர்கள் தினமும் இரண்டு கிலோமீட்டர் நடந்தார்கள்.

காவேரிக்கு முழங்கால் வீங்கியிருந்தது. பின்தங்கினாள்.

"நீ போ ரேவதி. எனக்காவ நின்னா உனக்கும் அரை நாள் கூலி போயிடும்."

"கார்டக் குடுக்கா. நான் தட்டிட்றேன். நீ மெதுவா நடந்துக்கினு வா."

ரயில் ஸ்டேஷன் கதவைத் திறக்கும் அதே ஸ்மார்ட் கார்டுதான் ஊழியர் வாசலில் வருகையையும் பதியும். ரேவதி காவேரியின் கார்டைத் தட்டினாள், பிறகு தன்னுடையதை. மணி ஆறு நாற்பத்தொன்று.

பயணிகள் வருகைக் கூடத்தில் மாப்பைப் பிழிந்தபோது அவள் மனசு லேசாக இருந்தது. ஒருத்திக்கு உதவிய சின்னக் கர்வம்கூட அதில் இருந்தது. அந்த நேரத்தில்தான் லாரி காவேரியை இடித்துத் தள்ளியது. பிறகு எவ்வளவு அழுதும் அந்தக் கர்வத்தை மட்டும் ரேவதியால் மன்னிக்க முடியவில்லை.

நான்காம் நாள், காஞ்சிபுரம் ஆஸ்பத்திரி. இரும்புக் கம்பிகள் செருகிய காலோடு காவேரி படுத்திருந்தாள். வேலை முடிந்து வந்த பெண்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். ஒப்பந்தக்காரர் சபாபதி ஆப்பிள் பையோடும் ஒரு தாளோடும் வந்தார்.

"ஒரு கையெழுத்துப் போடுமா."

"இன்னா எழுதியிருக்குது சார்?"

"ஆறு நாப்பத்தொண்ணுக்கு நீ உள்ள வந்துட்ட. மிஷின் சொல்லுது. அடிபட்டது ஆறு அம்பத்தஞ்சுக்கு, ரோட்ல. சொந்த வேலையா வெளிய போயிருக்க. கம்பெனிக்குப் பொறுப்பில்ல."

காவேரி ரேவதி நின்ற பக்கம் திரும்பவேயில்லை.

"ஆமா சார். டீ குடிக்கப் போனேன்."

ரேவதியின் உடம்பு அவளைக் கேட்காமலே மூச்சு விட்டது. வேலை போகாது. மகள் அபியின் பள்ளிக்கூடம் நிற்காது. அந்த நிம்மதி எவ்வளவு இதமாக இருந்தது என்று உணர்ந்ததும் அவளுக்குத் தன் மேலேயே பயம் வந்தது. இதை விழுங்கிவிட்டால் இனி எதையும் விழுங்கிவிடலாம்.

"அவங்க உள்ளயே வரல சார். கார்ட நான்தான் தட்னேன்."

"வாய மூடு ரேவதி!" என்றாள் காவேரி.

சபாபதி சிரித்தார். "அப்ப ஆள் மாறாட்டம். நாளையிலிருந்து நீ வராத. போலீஸ் உன்னத் தேடி வரும்."

கட்டிலின் கால்மாட்டில் நின்ற தேவகி, பெரிதாக வாய் திறக்காதவள், தொண்டையைச் செருமினாள்.

"போன மாசம் எனக்கு ஜுரம். லேட்டா வந்தேன். என் கார்டையும் இவதான் தட்னா. இவளுக்கு நானும் தட்டியிருக்கேன்."

"மிரட்றியா?"

"மிஷின் சொல்லுதுன்னீங்களே சார். ரயில்லயும் அதே கார்டுதான் தட்றோம். தெனம் இருபத்தாறு கார்டும் முந்தின ஸ்டேஷன்லயே எறங்குது. எதுக்கு? எல்லாரும் டீ குடிக்கவா? அந்த மிஷினையும் கேளுங்க."

"உங்க வேலைக்கு நூறு பேர் காத்துக்கினு இருக்காங்க."

"வரட்டும். அவங்களும் அதே ரோட்லதான நடக்கணும்?"

சபாபதி தாளை மடித்துக்கொண்டு கிளம்பினார். "ஆப்பிள மறந்துட்டீங்க சார்," என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு எழுந்து உடனே அடங்கியது. எல்லோருக்கும் பயமாகத்தான் இருந்தது.

சின்னவள் தேவிப்ரியா போனை எடுத்தாள். "கார்டு நம்பர் போட்டா மூணு மாசப் பயணமும் வருதுக்கா. காவேரிக்கா அன்னிக்கு எங்க எறங்குனாங்க, எத்தன மணிக்குன்னு எல்லாம் இருக்குது."

ஒவ்வொருத்தியாகக் கார்டை எடுத்து அவளிடம் நீட்டினார்கள். மூன்று பேர் நீட்டவில்லை. யாரும் அவர்களைத் திட்டவும் இல்லை.

மறுநாள் காலை விமான நிலைய ரயில் முந்தின ஸ்டேஷனில் நின்றது. கதவு திறந்தது. இருபத்திரண்டு பெண்களில் ஒருத்தியும் எழவில்லை. கதவு மூடியது. ரேவதி பக்கத்திலிருந்த தேவகியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசி ஸ்டேஷனில் இறங்கி, வெளியேறும் கதவுக்கு உள்பக்கமாக நின்றார்கள். கார்டைத் தட்டவில்லை. பெட்டி உருட்டி வந்தவர்கள் பக்கத்துக் கதவுக்கு விலகினார்கள். காவலாளி ஓடிவந்தான்.

"இன்னாமா இது? தட்டிட்டு வெளிய வாங்க."

"தட்டுனா எங்க காசு போவும்," என்றாள் ரேவதி. "கம்பெனி வந்து தட்டட்டும்."

அவன் வாக்கிடாக்கியில் யாரையோ அழைத்தான். பெண்கள் பைகளைக் கீழே வைத்துவிட்டு, தோளோடு தோள் நெருங்கி நின்றார்கள்.