உலை எண் 417

காலை பத்து நாற்பதுக்குத் திரையில் 0.21 வந்தது.

பாத்திர ஆலையின் ஆய்வகத்தில் நிங்ரும், உலையிலிருந்து எடுத்த மாதிரி வில்லையை மறுபடி கடைந்து, வேறு இரண்டு இடத்தில் மின்பொறியால் சுட்டு அளந்தாள். அதே எண். சமையல் பாத்திர அலுமினியத்தில் நஞ்சான காரீயம் நூற்றுக்கு 0.05க்கு மேல் இருக்கக் கூடாது. இந்த முறை உருக்கியதற்கு உலை எண் 417. காயலான்கடைச் சரக்கோடு பேட்டரித் தகடு ஏதோ உள்ளே போயிருக்கிறது.

ஆய்வகத் தலைவர் தர்சோனோ, எல்லோரும் 'பாக்', அதாவது ஐயா, என்று அழைப்பவர், பானைகளை வார்த்தாகிவிட்டது என்றார். பெருநாளுக்கு ஒன்பது நாள் இருந்தது. அவரே உட்கார்ந்து விளிம்போரமாக ஏழு இடத்தில் சுட்டார். காரீயம் நடுவில்தான் அதிகம் தங்கும். அது இருவருக்கும் தெரியும். ஏழு கருத்த வடுக்கள். குறைவாக வந்த மூன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்தார். சராசரி 0.048.

"கையெழுத்துப் போடும்மா. நோன்பு வாயோட என்னைப் பேச வைக்காத."

போட்டாள். ஏற்றுமதிச் சரக்கு, வாங்குகிறவன் எப்படியும் சோதிப்பான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

சரக்கு கப்பலேறவில்லை. பெருநாள் பரிசாகத் தொழிலாளிகளுக்கு ஆளுக்கொரு பானை கொடுத்தார்கள். அதே ஆலையில் பொதி கட்டும் அவள் கணவன் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தான். பெருநாளுக்கு முந்தைய மாலை அவள் வேலை முடிந்து வந்தபோது மாமியார் அதில் புளிக்குழம்பு வைத்திருந்தார். பாதி தீர்ந்திருந்தது. நான்கு வயது மகள் கினாசி பானையின் உள்விளிம்பை விரலால் வழித்து நக்கிக்கொண்டிருந்தாள்.

நிங்ரும் பானையைத் தூக்கி அடியில் குத்தியிருந்த எண்ணைப் பார்த்தாள். 417. குழம்பைச் சாக்கடையில் கவிழ்த்தாள்.

"என் கையால வச்சது அவ்வளவு கசக்குதாடி உனக்கு?" என்றார் மாமியார்.

காரணம் சொன்னால் கையெழுத்தையும் சொல்ல வேண்டும். குழந்தையின் வாயில் விரல் விட்டுக் கழுவினாள். குழந்தை ஓங்கரித்தது. தன் விரலை எத்தனை தரம் சோப்புப் போட்டுக் கழுவியும் அவளுக்குக் கூசியது.

மறுநாள், பெருநாள் வழக்கப்படி ஆலையாட்கள் எல்லோரும் பாக் தர்சோனோ வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனார்கள். அவள் முறை வந்தது. அவர் கையைப் பிடித்துக் குனிந்தாள். கை கதகதப்பாக, பிசுபிசுவென்று இருந்தது.

"தெரிஞ்சோ தெரியாமலோ தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சிரும்மா," என்றார், வரிசையில் முன்னால் நின்றவர்களுக்குச் சொன்ன அதே குரலில்.

தேங்காய்ப்பால் கோழி எவர்சில்வர் அண்டாவிலிருந்து தட்டுக்கு வந்தது. அவள் வாயில் வைக்கவில்லை. பின்கட்டு திறந்திருந்தது. அங்கே மோட்டார் சைக்கிளின் அடியில் அந்தப் பரிசுப் பானை. அதில் வண்டியிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெய்.

அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

"உங்க வீட்ல ஏன் அதுல சமைக்கல, பாக்?"