காளியம்மாள் ஒப்புக்கொண்ட பேச்சு

விஜயலட்சுமி டீச்சரின் ஆங்கில வகுப்பில் ஒரு விதி உண்டு. வீட்டில் இருப்பவர்களைப் பற்றி நாங்கள் எதை எழுதினாலும், அதை அவர்களிடம் தமிழில் படித்துக் காட்டி, அடியில் கையெழுத்து வாங்கி வர வேண்டும். கையெழுத்து இல்லாததை வகுப்பில் பேச முடியாது.

பதினோராம் வகுப்பில், தை மாதம், எங்களுக்குப் பேசத் தந்த தலைப்பு: தொழில்நுட்பம் சமுதாயத்தை என்ன செய்திருக்கிறது. நன்றாகப் பேசும் ஒருத்தி திருவாரூரில் நடக்கும் மாவட்டப் போட்டிக்குப் போகலாம். நாங்கள் பேசும் அன்றே மாலைக்குள் பெயர் அனுப்ப வேண்டும். போட்டி எனக்கும் என் தோழி எழில்மொழிக்கும்தான் என்பது வகுப்புக்கே தெரியும்.

முதலில் நான் பேசினேன். சார்ஜாவில் இருக்கும் வாப்பா, எங்கள் வீட்டுச் சாப்பாட்டை வீடியோ காலில் பார்த்தே ஆறு வருடம் ஓட்டிவிட்டதைச் சொன்னேன். அவர் கையெழுத்துப் போட்டு, படம் பிடித்து அனுப்பியிருந்தார். டீச்சர் தலையசைத்தார்.

அடுத்து எழில்மொழி. அவள் அம்மா காளியம்மாள் கதிர் அறுக்கப் போகிறவர். அறுவடை மெஷின் அம்மாவின் வேலையைப் பிடுங்கிக்கொண்டது, அம்மா வரப்பில் உட்கார்ந்து அழுதார் என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். முந்தின நாள் அவள் அதைப் படித்துக் காட்டியபோது, இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். ஆனால் இப்போது தாளின் அடி வெறுமையாக இருந்தது.

"கையெழுத்து எங்க?" என்றார் டீச்சர்.

"போட மாட்டேன்னுட்டாங்க டீச்சர். நான் அழுததை நீ பாத்தியாங்கறாங்க."

வகுப்பு சிரித்தது. அழுததை மட்டும் அடித்துவிடச் சொன்னாள் பின் பெஞ்சுக் கயல்விழி. அப்படிச் செய்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த வரியை எடுத்தால் மற்றதும் நிற்காது என்றாள் எழில்மொழி. அம்மாவைக் கேட்டே திருத்துகிறேன், உங்கள் போனைத் தர முடியுமா என்று டீச்சரிடம் கேட்டாள்.

டீச்சர் எண்ணைக் கேட்டு அழைத்து, ஸ்பீக்கரைப் போட்டு மேசைமேல் வைத்தார். காளியம்மாள் வயலில் இருந்தார். மெஷின் திரும்ப முடியாத மூலைகளை அரிவாளால் அறுத்துக் கொடுக்கும் வேலை. மெஷின் இரைச்சல் வகுப்பு முழுக்கக் கேட்டது. எழில்மொழி ஒவ்வொரு வரியையும் எங்களுக்கு ஆங்கிலத்திலும் அம்மாவுக்குத் தமிழிலும் சொல்லிக்கொண்டே வந்தாள். காளியம்மாள் நடுவில் நிறுத்தினார்.

"மொதல்ல இடுப்பு வலி போச்சுன்னு எழுது. அது நெசம். முந்தி முப்பது பேரு வரிசையா குனிஞ்சு, ஒருத்திய ஒருத்தி கேலி பண்ணிக்கிட்டே அறுப்போம். இப்ப நாலு பேரு நாலு மூலையில நிக்கிறோம். கத்துனாலும் கேக்கல. அதை எழுது. அழுதேன்னு எழுதாத."

எழில்மொழி நின்ற இடத்திலேயே அதை ஆங்கிலமாக்கினாள். இரண்டு இடத்தில் திணறினாள். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவளே தேடிப் பிடித்தாள். அவள் எழுதி வைத்திருந்த இரண்டு பக்கத்தையும்விட அந்த நாலு வரி எடுப்பாக இருந்தது. நான் பேசியதையும்விட.

திருத்தியதை மறுபடி தமிழில் கேட்டார் காளியம்மாள். "இப்ப சரி. கையெழுத்துக்கு என்ன பண்றது? நான் இங்க இருக்கேனே."

"நாங்க எல்லாரும் கேட்டோம்ல, சாட்சியா நாங்க போடுறோம்மா" என்றேன். சொன்ன பிறகுதான் அவளுக்குப் போட்டியே நான்தான் என்பது ஞாபகத்துக்கு வந்தது.

டீச்சர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு எழில்மொழியிடம் தாளை வாங்கி என் பக்கம் நகர்த்தினார். முதல் கையெழுத்தை நான் போட்டேன். முப்பத்து நான்கு பேருக்கு இடம் போதாமல் பின்பக்கமும் போனது.

எழில்மொழியின் பெயர்தான் திருவாரூருக்குப் போனது. வருத்தமா என்று சாயங்காலம் வாப்பா கேட்டார். கொஞ்சம் இருக்கிறது என்றேன். பிறகு அந்தத் தாளில் முதல் பெயர் யாருடையது என்பதையும் சொன்னேன்.