முடிவிலி ஞாயிறு

"இந்த ஆட்டத்துக்கு நியாயமான விலை முடிவிலி. எவ்வளவு கேட்டாலும் கண்ணை மூடிக்கிட்டுக் கொடுக்கலாம். யோசிக்கிறவங்களுக்குக் கணக்குத் தெரியலைன்னு அர்த்தம்."

எம்.எஸ்சி. புள்ளியியல் படிக்கும் நெடுமாறன் இதைச் சொன்னபோது அவன் முகத்தில் ஒரு விஞ்ஞானியின் சாந்தம் இருந்தது. கையில் அம்மா உரிக்கக் கொடுத்த வெங்காயமும் இருந்தது.

விஷயம் இதுதான். ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் அவர்கள் வயலுக்கு ஞாயிறுதோறும் அம்மாவுடன் அவனோ அக்கா செம்மொழியோ முறை வைத்துப் போக வேண்டும். வரும் ஞாயிறு களையெடுப்பு, அவன் முறை. அன்றைக்குத்தான் ஷமீரா தாராசுரம் வரச் சம்மதித்திருக்கிறாள். மூன்று மாதம் தவம் கிடந்து வாங்கிய சம்மதம்.

"அக்காகிட்ட ஒன்னுக்கு ஒன்னு மாத்திக்கடா. இந்த வாரம் அவ, அடுத்த வாரம் நீ" என்றாள் அம்மா.

"பண்டமாற்றா? கற்காலத்துலயே இரும்மா நீ."

ஆட்டத்தை விளக்கினான். தலை விழும்வரை காசைச் சுண்ட வேண்டும். முதல் சுண்டிலேயே விழுந்தால் அவனுடைய ஒரு முறையை அக்கா பார்ப்பாள். இரண்டாவதில் என்றால் இரண்டு முறை, மூன்றாவதில் நான்கு, பிறகு எட்டு, பதினாறு. எல்லாச் சாத்தியங்களையும் சேர்த்துச் சராசரி போட்டால் எல்லையே கிடையாது. ஆடுவதற்கு விலையாக அக்காவின் முறைகள் சிலவற்றை அவன் பார்ப்பான்.

"இருபது" என்றாள் செம்மொழி. கால்நடை மருத்துவம் படிப்பவள். மிரண்ட மாட்டிடம்கூடக் குரல் உயர்த்த மாட்டாள்.

"அடிமாட்டு விலை!" என்று குதித்தான் அவன்.

ஒத்திகைக்கு அம்மா சுண்டினாள். எடுத்த எடுப்பில் தலை.

"லாபம்!" என்றாள்.

"ஒன்னுதானேம்மா கிடைச்சிருக்கு?"

"நெல்லு அளக்கிறப்ப முதல் மரக்காலை எவளாச்சும் ஒன்னுன்னு சொல்லுவாளா? லாபம்னுதான்டா எண்ணணும்."

மறுபடியும் லாபம். அதற்கடுத்த ஆட்டம் ரெண்டில் முடிந்தது. சிறிய மாதிரியை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்று நெடுமாறன் எச்சரித்தான்.

"முப்பதாவது சுண்டுல தலை விழுந்தா என்னாவும்?" என்று கேட்டாள் அம்மா.

"அக்கா அம்பத்து மூணு கோடி ஞாயிறு வயலுக்குப் போவணும்."

"அவளுக்குக் கல்யாணம் காட்சி வேணாமாடா?"

"தாலி கட்டிட்டு நேரா களைக்குப் போயிடுறேன்மா, விடு" என்றபடி செம்மொழி காலண்டரை இறக்கி, ஞாயிறுகளில் அவன் பெயரை எழுத ஆரம்பித்தாள். தை முடிந்து மாசிக்குள் நுழைந்துவிட்டாள்.

அவன் போன் அதிர்ந்தது. ஷமீரா.

'தாராசுரம் ஓகே. இனிமே எல்லா ஞாயிறும் எனக்கு ஃப்ரீதான். சும்மா, தெரிஞ்சுக்கோன்னு சொன்னேன்.'

மூன்று தடவை படித்தான். அம்மா வெங்காயத்தை அள்ளிக்கொண்டு அடுப்படிக்குள் போகும்வரை காத்திருந்தான். பிறகு அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மாசி மாதத்தைப் பார்த்துக்கொண்டே, மெதுவாகக் கேட்டான்.

"இந்த வாரம் நீ போறியாக்கா? அடுத்த வாரம் நான் போறேன்."