வாயிலோனுக்குத் தெரிந்த ஒரே முகம்

எங்கள் குடியிருப்பின் வாசல் கதவு இருபத்து மூன்று நாட்கள் என் ஒருவனுக்கு மட்டுமே திறந்தது. இதைச் சொன்னால் சிலர் நம்புவதில்லை. கூட்டிக் குறைத்துச் சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது; இருபத்து மூன்று என்றால் இருபத்து மூன்றுதான்.

நாற்பத்தெட்டு வீடுகள், ஒரே வாசல். நான் நான்காம் மாடியில் தனியாக இருக்கிறேன். முப்பத்தாறு வருடம் பாஸ்போர்ட் போட்டோ மட்டுமே எடுத்துப் பிழைத்தவன். அழகாகத் தெரிய வேண்டும் என்று வருகிறவர்களை எதிர்க்கடைக்கு அனுப்பிவிடுவேன். என் படத்தில் எவனும் அழகாக இருந்ததில்லை. எவனும் விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டதும் இல்லை.

எங்கள் சங்கத் தலைவருக்கு ‘வளர்ச்சி’ என்று பட்டப்பெயர். லிஃப்டில் பல்பு மாற்றினாலும் ‘வளர்ச்சிப் பாதையில் நம் குடியிருப்பு’ என்று நோட்டீஸ் ஒட்டுவார். மூன்று முறை தலைவராக இருந்தாயிற்று. நாலாவது தேர்தல் நெருங்கும்போது, சாவிக்காலம் முடிந்துவிட்டது என்று அறிவித்து, வாசலில் ‘வாயிலோன் புரோ’ என்றொரு பூட்டை மாட்டினார். முகத்தைக் காட்டினால் திறக்கும். செல்போனில் திறக்க முடியுமா என்று கேட்டோம். அது ‘புரோ பிளஸ்’ வாங்கியவர்களுக்கு மட்டுமாம். முன்பெல்லாம் பூட்டு வாங்கினால் இரண்டு தரம் இழுத்துப் பார்ப்போம். இப்போது விளம்பரத்தை இரண்டு தரம் பார்க்கிறோம்.

செய்தி கேட்டு மகள் போன் செய்தாள். அவளுக்கு நான் தனியாக இருப்பதே பிடிக்காது. காரணம் தேடிக்கொண்டிருந்தவளுக்கு வாயிலோன் வசமாகக் கிடைத்தான்.

“அப்பா, ஒரே ஒரு தடவை கதவு திறக்காம நீங்க வாசல்ல நின்னீங்கன்னு என் காதுல விழுந்தா போதும். பெட்டியக் கட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துடணும். மறுபேச்சு பேசக்கூடாது.”

சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். மகள் வீட்டைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. டிவிக்கு மூன்று ரிமோட். சொன்னதைக் கேட்கும் ஒரு டப்பாவும் உண்டு. மாப்பிள்ளை ‘விளக்கைப் போடு’ என்றால் போடும். நான் சொன்னால் நாளைக்கு மழை வருமா என்று சொல்லும். அங்கே போனால் ஆயுசு முழுக்க இருட்டில் வானிலை கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

முகம் பதியும் நாள் வந்தது. வளர்ச்சி வழக்கம்போல ஒரு நோட்டீஸ் போட்டிருந்தார்: ‘சிறந்த முகங்கள் கம்பெனியின் விளம்பரப் பலகையில் இடம்பெறும்.’ அவ்வளவுதான், கட்டடமே பலகையில் ஏறக் கிளம்பிவிட்டது. மூன்றாம் மாடி டீச்சரம்மா புதுப் பல்செட்டோடு வந்தார். மருந்துக்கடைக்காரர் எங்கிருந்தோ தலைக்கு முடி கொண்டுவந்தார். முதல் மாடித் தம்பதி கன்னத்தோடு கன்னம் ஒட்டி ஒரே முகமாகப் பதிந்தார்கள். வளர்ச்சி தலைக்கு மையும் முகத்துக்குப் பவுடருமாக, மோவாயைத் தூக்கி, எங்கோ தூரத்தில் தெரியும் எதிர்காலத்தைப் பார்த்தபடி நின்றார்.

நான் முகத்தைக் கழுவித் துடைத்தேன். கண்ணாடியைக் கழற்றினேன். வெள்ளைச் சுவர் பின்னால் இருக்க, இரண்டு காதும் தெரிய, வாயை மூடிக்கொண்டு நேராகப் பார்த்தேன்.

வளர்ச்சி காதருகே வந்து, “போட்டோக்காரரே, தேடப்படும் குற்றவாளி மாதிரி இருக்கீங்க,” என்றார்.

“இருக்கட்டும் தலைவரே. தேடினா கிடைக்கணும்ல,” என்றேன்.

முதல் வாரம் எல்லோரும் எப்படியோ சமாளித்தார்கள். மருந்துக்கடைக்காரர் முடியைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். முதல் மாடித் தம்பதி சண்டை போட்ட நாட்களில்கூட வாசலில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு, உள்ளே போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். வளர்ச்சி எதிர்காலத்தைப் பார்த்தபடியே வந்து படியில் இரண்டு முறை இடறினார்.

எட்டாம் நாள் கம்பெனி ஓர் அப்டேட் அனுப்பியது. அதன் பிறகு வாயிலோன் உஷாராகிவிட்டான். பத்தொன்பது வருடம் அங்கேயே குடியிருந்த டீச்சரம்மாவிடம், இனிமையான பெண் குரலில், “மன்னிக்கவும். தங்களை இதற்குமுன் நான் கண்டதில்லை,” என்றான். உள்ளே இருப்பவர் பொத்தானை அழுத்தித் திறக்கக்கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். வெளியே தெரியாத முகம் நிற்கும்போது உள்பொத்தான் வேலை செய்யாது. பாதுகாப்புக்காம்.

எனக்கு மட்டும் திறந்தது. முகம் முழுக்கச் சவர நுரையோடு போனேன், திறந்தது. குடையைக் கவிழ்த்துப் பிடித்துப் போனேன், திறந்தது. மூன்றாம் வாரம் நான் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே, இரண்டு தெரு தள்ளி, அங்கே கதவு ‘டிக்’ என்றது. இதை மருந்துக்கடைக்காரர் கண்ணால் பார்த்திருக்கிறார். அவர் இப்போது வீடு மாறிப் போய்விட்டார்.

கம்பெனிக்குப் போன் செய்தால், எங்கள் அழைப்பு அவர்களுக்கு மிக முக்கியம் என்று நாற்பது நிமிடம் பாட்டுப் போட்டார்கள். அதனால் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். காலையில் பால் வாங்கப் போனவர்களுக்கு ஒரு முகம், சாயங்காலம் ஆபீஸ் விட்டு வருகிறவர்களுக்கு ஒரு முகம். நடுவில் தூங்கினாலும் கதவு திறந்தது. குறட்டையும் அதற்குப் பழகிவிட்டது.

தேர்தல் ஞாயிற்றுக்கிழமை. பத்து மணிக்குக் கூட்டம். அன்று பார்த்து நான் முடி வெட்டிக்கொள்ளப் போய்விட்டேன். திரும்பி வந்தால், காலையில் கடைக்கும் கோயிலுக்கும் போனவர்களெல்லாம் உள்ளே போக முடியாமல் வாசலில் எழுபது பேர். கையில் மைக்கோடு வளர்ச்சி. அன்று மறுபடியும் தலைக்கு மை பூசியிருந்தார். முதுகில் பையோடு கம்பெனி இன்ஜினியரும் நின்றார். அவரையும் கதவுக்குத் தெரியவில்லை. எல்லோருக்கும் பின்னால், ஒரு காலிப் பெட்டியோடு, என் மகள். கட்டடத்துக்காரர்கள் தெருவில் நிற்கிறார்கள் என்று யாரோ அவளுக்குச் சொல்லிவிட்டார்கள்.

“நீங்களும் வெளியதான் நிக்கறீங்களாப்பா?” என்று கேட்டாள். குரலில் பாதி கவலை, பாதி வெற்றி.

அந்த நேரம் மழை பிடித்தது. வளர்ச்சியின் தலையிலிருந்து கறுப்பாக இரண்டு கோடு இறங்கி, புதுச் சட்டைக் காலருக்குள் போயின.

டீச்சரம்மா பல்லைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, உள்ளே போய் ஓட்டுப் போடுவானேன், இங்கேயே கையைத் தூக்கலாமே என்றார். “கதவுக்கே இவரத்தான் தெரியுது. இவரே தலைவரா இருந்துட்டுப் போகட்டும்.”

எழுபது கைகள் எழுந்தன. எழுபத்தொன்றாவது கை வளர்ச்சியுடையது. மழை பலத்துவிட்டது, அவருக்கும் உள்ளே போக வேண்டும்.

கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. நடந்து போய் நின்றேன். புது முடிவெட்டு வாயிலோனைக் குழப்புமோ என்று தலையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டேன். பின்னால் காலிப் பெட்டி நிற்கிறதே.

“வருக, ஐயா,” என்றது கதவு. அதுவரை யாரையும் அது ஐயா என்றதில்லை.

பதவியேற்றதும் முதல் வேலையாக எல்லோருக்கும் மறுபடியும் முகம் பதிய உத்தரவிட்டேன். இன்ஜினியர் கணினியைப் பார்த்துவிட்டு, கட்டடத்திலேயே ஒரே ஒரு முகம்தான் ஒழுங்காகப் பதிந்திருக்கிறது, யார் எடுத்தது என்று கேட்டார். பிறகு நான் சொன்னபடி பொத்தானை அழுத்தும் வேலையை அவர் பார்த்துக்கொண்டார். சுவரில் வெள்ளைத் துணி கட்டி, ஸ்டூல் போட்டு, எழுபது பேரையும் வரிசையில் நிறுத்தி முகம் கழுவ வைத்தேன். வளர்ச்சி நரைத்த தலையோடு உட்கார்ந்தார். நல்ல மனிதராகத் தெரிந்தார்.

கடைசியில் மகள் வந்து உட்கார்ந்தாள். விருந்தினர் படிவத்தை எடுத்தேன்.

“உறவு?”

“அப்பா, விளையாடாதீங்க.”

“படிவத்துல கேக்குதும்மா.”

“மகள்.”

“வந்த நோக்கம்?”

அவள் காலடியில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். டீச்சரம்மா, வளர்ச்சி, இன்ஜினியர் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

“சும்மா,” என்றாள். “எங்க அப்பாவப் பாத்துட்டுப் போகலாம்னு.”

அப்படியே எழுதிக்கொண்டேன். பெட்டி காருக்குத் திரும்பிப் போனது. அவள் மாடிக்கு வந்து சாயங்காலம் வரை இருந்துவிட்டு, கிளம்பும்போது, அடுத்த ஞாயிறும் வரலாமா என்று தலைவரிடம் அனுமதி கேட்டாள்.

பரிசீலிக்கிறேன் என்றேன்.