கங்காவின் கையெழுத்து

விடியற்காலை ஐந்து மணிக்கு ஆவுடையம்மாள் ஒன்பதாவது பெட்பேனைக் கழுவிக்கொண்டிருந்தாள். பினாயில் பட்டுப் பட்டு விரல் நுனிகள் வெளிறிச் சுருங்கியிருந்தன. முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு ஏறிய ட்யூட்டி அது. ஆண்கள் வார்டில் முப்பத்திரண்டு கட்டில்கள், தரையில் பாய் போட்டு ஆறு பேர், எல்லாருக்கும் சேர்த்து அவள் ஒருத்தி. நர்ஸிங் பள்ளியில் சேர்ந்து ஏழே மாதமான முதல் வருஷக்காரி. மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் ஊசிகள் கொதித்துக்கொண்டிருந்தன. பதினான்காம் கட்டிலில் சலைன் பாட்டில் தீரப்போகிறது. இருபதாம் கட்டில்காரர் மறுபடியும் விரிப்பிலேயே போய்விட்டார்.

1979 ஜூலை. அந்த மழைக்கு, மலையாளத்துத் துறைமுகமான மட்டாஞ்சேரியில் கிணற்றுத் தண்ணீரும் சாக்கடைத் தண்ணீரும் ஒன்றாகிவிட்டன. தெருத் தெருவாக வாந்திபேதி. மிளகுக் கிடங்குகளில் மூட்டை தூக்குகிறவர்கள்தான் முதலில் விழுந்தார்கள். அவர்களைத் தூக்கிக்கொண்டு வந்து போட்ட ஆஸ்பத்திரியின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அதற்கு விளம்பரமாகிவிடும்.

என் பெயர் கமலாக்ஷி. அப்போது நான் மூன்றாம் வருஷம். மாடியில் பிரசவ வார்டு என்னுடையது. முடிக்க இன்னும் மூன்றே மாதம்.

"அக்கா, செத்த கீழ வாங்களேன்" என்று ஆவுடை படியில் நின்று கூப்பிட்டபோது அவள் குரலே சரியாக இல்லை.

பதினேழாம் கட்டிலில் நாணு. ஆவுடையின் அப்பா இசக்கிமுத்துவோடு ஒரே கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். உடம்பில் இருந்த தண்ணீரெல்லாம் போய், ராத்திரி கால்கள் சில்லிட்டு, காலை நகர்த்தத் தெம்பில்லாமல் அரை நினைவில் கிடந்தார். கால் சூடேற ஆவுடை வெந்நீர் நிரப்பிய ரப்பர் பையைப் பாதத்தடியில் வைத்திருக்கிறாள். பைக்கு ஃபிளானல் உறை போட வேண்டும். உறை இல்லாததால் துண்டைச் சுற்றியிருக்கிறாள். பிறகு வேறு கட்டில்கள் கூப்பிட்டன, ஓடினாள். திரும்பி வருவதற்குள் துண்டு நழுவியிருந்தது. இடது குதிகாலில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம்.

தவறு நடந்தது. நடக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். யாருடைய தவறு என்பதுதான் கதை.

"ரிப்போர்ட் புஸ்தகத்துல எழுதினியோ?"

"எழுதிட்டேன்க்கா. வார்டுல உறை இல்ல, துண்டு சுத்தினேன், கால் வெந்துபோச்சு, ஸ்டாஃப் நர்ஸ் யாரும் ட்யூட்டில இல்ல. எல்லாத்தையும் மணி போட்டு எழுதிட்டேன்."

அப்படி எழுதச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். அவள் வந்த முதல் வாரமே சொல்லியிருந்தேன்: வயிறு காலியா ட்யூட்டிக்கு ஏறாதே, தலை சுத்தி விழுவே. பேரைக் கேக்காம யாருக்கும் மருந்து குடுக்காதே. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லு, அதுல வெக்கமில்லை. செஞ்சதை அப்பவே எழுது. செய்யாததுக்கு மட்டும் எந்தக் காலத்திலயும் ஒப்புப் போடாதே. கையெழுத்துக்கு எங்கள் ஊரில் ஒப்பு என்றுதான் பெயர். அவள் அதையெல்லாம் ஒரு நோட்டில் மலையாள எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். தமிழ் பேசுவாளே தவிர எழுத வராது.

உறை இல்லாமல் இல்லை. மேட்ரன் அறையில் ஒரு பச்சை அலமாரி உண்டு. அதில் புது ஃபிளானல் உறைகள், ரப்பர் கையுறைகள், டஜன் டஜனாகத் தெர்மாமீட்டர், மடிப்புக் கலையாத விரிப்புகள். நர்ஸிங் கவுன்சிலிலிருந்து ஆய்வுக்கு வரும் அன்று காலையில் திறப்பார்கள், சாயங்காலம் எண்ணி உள்ளே வைத்துப் பூட்டுவார்கள். மனிதனின் கால் வெந்துபோகலாம், அலமாரியில் இருக்கும் உறை அழுக்காகக் கூடாது. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒன்பது மணிக்கு டாக்டர் சிவராமகிருஷ்ணன் எங்கள் இருவரையும் ஆபீஸுக்கு அழைத்தார். ஆஸ்பத்திரியும் பள்ளியும் அவருடையவை. எங்கள் எல்லாருடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகங்களும் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த இரும்புப் பெட்டியில் இருந்தன.

"திங்கக்கிழமை கவுன்சில்லேர்ந்து வரா" என்றார். "ரிப்போர்ட் புஸ்தகத்துல இந்தப் பக்கத்தைக் கிழிச்சுட்டு வேற எழுது. ஸ்டாஃப் நர்ஸ் கங்கா உறை போடச் சொன்னா, நான்தான் கேக்கலைன்னு எழுதி ஒப்புப் போட்டுக் குடு."

"கங்கான்னு ஒருத்தர நான் பாத்ததே இல்லியே டாக்டர்" என்றாள் ஆவுடை.

"நீ பாக்காதவாளெல்லாம் இல்லேன்னு ஆயிடுமோ?" அவர் ட்யூட்டி ரிஜிஸ்டரைத் திருப்பி அவள் முன்னால் தள்ளினார். "இதோ செவ்வாக்கிழமை ராத்திரி, ஆண்கள் வார்டு, கங்கா. ஒப்பு இருக்கா இல்லையா?"

இருந்தது. கடைசியில் ஒரு சுழி வைத்த அழகான கையெழுத்து.

"முப்பத்தெட்டு பேருக்கு நான் ஒருத்திதான் டாக்டர் இருந்தேன். உறையும் இல்ல."

"வாய் நீளறது. எழுதிக் குடுத்தா ஒரு மாசம் சஸ்பென்ஷனோட போகும். இல்லேன்னா திங்கக்கிழமை காலம்பர உன் அப்பனை வரச் சொல்லு, கூட்டிண்டு போகட்டும். உன் எஸ்.எஸ்.எல்.சி. புஸ்தகம் இங்கேயே இருக்கும். வேற எந்தப் பள்ளிக்கூடத்துல சேர்ப்பான்னு பார்க்கறேன்."

அவள் வெளியே போனதும் அவர் குரல் இறங்கியது. "கமலாக்ஷி, நீ நம்மவா. அந்தப் பொண்ணுக்குப் புத்தி சொல்லு. உன் பரீட்சை பாரத்துல நான்தானே ஒப்புப் போடணும்?"

என் அப்பா திருப்பூணித்துறையில் கல்யாணச் சமையல்காரர். டாக்டர் வீட்டு விசேஷங்களில் அடுப்பங்கரை வாசலோடு நிற்கிறவர். அங்கெல்லாம் வராத 'நம்மவா' அன்றைக்கு வந்தது. நான் "சரி டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆம், சரி என்றுதான் சொன்னேன்.

ஏனென்றால் அந்தச் சுழி வைத்த கையெழுத்து என்னுடையது.

கங்கா என்று ஒருத்தி நிஜமாகவே இருந்தாள். பதினான்கு மாதம் முன்பு குவைத்துக்குப் போய்விட்டாள். படகுத்துறை வரைக்கும் போய் நான்தான் பெட்டி தூக்கி வழியனுப்பினேன். அவள் போனாள், ட்யூட்டி லிஸ்டிலிருந்து அவள் பெயர் போகவில்லை. வார்டுக்கு ஒரு ஸ்டாஃப் நர்ஸ் இருந்தால்தான் பள்ளிக்கு அனுமதி. சனிக்கிழமைதோறும் மேட்ரன் ரிஜிஸ்டரைக் கொண்டுவந்து, "கங்காவுக்குப் போட்டுக் குடுடி" என்பார். வரப்போகிற வாரம் முழுவதற்கும் முன்கூட்டியே போட்டுவிடுவேன். ஆய்வு நாளில் ஸ்டாஃப் நர்ஸின் கறுப்பு பெல்ட்டைக் கட்டிக்கொண்டு நானே கங்காவாகவும் நிற்பேன். எனக்கு முன்னால் இருந்த மூன்றாம் வருஷக்காரிகளும் போனவர்களுக்காகப் போட்டவர்கள்தான். யாரும் அதைப் பொய் என்றே நினைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை சற்று விட்டது. மொட்டை மாடியில் விரிப்புகளைக் காயப்போட மாணவிகள் எல்லாரும் ஏறினோம். இருபத்திரண்டு பேர். ஆவுடை ஒரு மூலையில் தனியாக விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள். என்னால் தாங்க முடியவில்லை.

"ஆவுடை, அந்த ஒப்பு கங்காவோடது இல்லை. நான் போட்டது."

அவள் பிழிந்த விரிப்பைக் கீழே போட்டாள். "செய்யாததுக்கு ஒப்புப் போடாதேன்னு எனக்குச் சொல்லிக் குடுத்தது நீங்கதான? நான் அத நம்பித்தான எழுதுனேன்? எங்கய்யா மூட்டை தூக்கி மூட்டை தூக்கி எனக்கு நர்ஸ் வெள்ளச் சேலை கட்டிப் பாக்கணும்னு இருக்காரு. உங்க சுழியால நான் வீட்டுக்குப் போவணுமாக்கா?"

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"அவ சரியாத்தானே கேக்கறா" என்றாள் இரண்டாம் வருஷத்து ஜெயலக்ஷ்மி. "இன்னிக்கு இவ. அடுத்த வருஷம் அந்த ரிஜிஸ்டர் என் கைக்கு வரும். என் ஒப்பை வெச்சு யாரை அனுப்புவாளோ?"

"நாளைக்கு நான் கறுப்பு பெல்ட் கட்டப் போறதில்லை" என்றேன்.

"உங்க பரீட்சை?" என்றாள் ஒருத்தி.

"போகட்டும்."

"நீங்க ஒருத்தி கட்டலேன்னா வேற ஒருத்திக்குக் கட்டி விடுவா" என்றாள் ஜெயலக்ஷ்மி. "யாருமே கட்டக் கூடாது. அதான் கணக்கு. நானும் கட்ட மாட்டேன்."

சிலர் அழுதார்கள். ஒருத்தி, வீட்டில் கொன்றுவிடுவார்கள் என்றாள். ஆனாலும் மழை மறுபடியும் பிடித்துக்கொள்வதற்குள் இருபத்திரண்டு பேரும் சரி என்று சொல்லிவிட்டோம். இந்தச் 'சரி' வேறு.

திங்கட்கிழமை காலை பச்சை அலமாரி திறந்தது. நாணுவின் காலடியில் புது உறை போட்ட வெந்நீர்ப் பை வந்து உட்கார்ந்தது. கட்டுப் போட்ட குதிகாலோடு அவர் அதைப் பார்த்து, "இது இத்தன நாள் எவிடே இருந்நு மோளே?" என்று கேட்டார். மேட்ரன் நீட்டிய கறுப்பு பெல்ட்டை நான் வாங்கிக் கட்டிலின் மேல் வைத்துவிட்டு, மாணவிகளின் நீல பெல்ட்டோடு போய் நின்றேன்.

கவுன்சிலிலிருந்து வந்த அம்மாள் ரிஜிஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "சிஸ்டர் கங்கா யார்?"

டாக்டர் என்னைப் பார்த்தார். மேட்ரனும் பார்த்தார்.

"கங்கா குவைத்துல இருக்கா மேடம். நான் கமலாக்ஷி, மூணாம் வருஷ ஸ்டூடண்ட். அந்த ஒப்பெல்லாம் நான் போட்டது. செவ்வாக்கிழமை ராத்திரி இந்த வார்டுல ஆவுடையம்மாளைத் தவிர யாரும் இல்லை."

"பொய். இவளை யாரோ தூண்டிவிட்டிருக்கா" என்றார் டாக்டர்.

"நான் ஜெயலக்ஷ்மி, இரண்டாம் வருஷ ஸ்டூடண்ட்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அதன் பின் இன்னொன்று. ஒவ்வொருத்தியாகப் பெயரையும் வருஷத்தையும் சொன்னார்கள். கடைசியில் ஆவுடை, கிழிக்காத ரிப்போர்ட் புத்தகத்தை விரித்து அந்த அம்மாளிடம் நீட்டினாள்.

நாணு போர்வையை விலக்கிக் காலைக் காட்டினார். "குட்டி தனியே ராத்திரி முழுவன் ஓடுந்நது நான் கண்டதாணு" என்று, ஆவுடை ராத்திரி முழுக்கத் தனியாக ஓடியதைத் தான் பார்த்ததாகச் சொன்னார்.

அந்த அம்மாள் நெடுநேரம் படித்தார். ஏதோ குறித்துக்கொண்டார். என்ன குறித்தார் என்று எங்களிடம் சொல்லவில்லை. கார் புறப்பட்டதும் டாக்டர், "கமலாக்ஷியும் ஆவுடையம்மாளும் மட்டும் ஆபீஸுக்கு வாங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். மேட்ரன் உறைகளைச் சேகரிக்க வந்தார். நாணு தன் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரமாட்டேன் என்றுவிட்டார்.

ஆவுடையின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் இன்னும் டாக்டரின் இரும்புப் பெட்டிக்குள்தான் இருந்தது. என் பரீட்சை பாரமும் அங்கேதான். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளக் கட்டில் வரிசைக்கு ஒருத்தியாக நான்கு பேர் வார்டில் நின்றார்கள். ஆவுடையின் கையை நான் பிடித்தேன். அவள் என்னை ஒரு கணம் முறைத்துப் பார்த்தாள், பிறகு இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

இருவரை வரச் சொன்ன ஆபீஸுக்குப் பதினெட்டு பேர் போனோம்.