அகர வரிசையில் மாமனார்

போடிநாயக்கனூரில் ஏலக்காயை விளைவிக்க ஆள் உண்டு, விற்க ஆள் உண்டு. அதைப் பற்றி யார் யார் எந்த வருடம் என்ன எழுதினார்கள் என்று அட்டை அட்டையாகக் குறித்துவைத்தவர் கல்லூரி நூலகர் ராஜாராம் ஒருவர்தான். தெருவில் யாரும் அவரைப் பைத்தியம் என்று சொல்லவில்லை. குரங்கணியில் தோட்டம் வைத்திருக்கும் மொக்கச்சாமியின் மாப்பிள்ளையை அப்படிச் சொல்லிவிட முடியுமா?

பச்சை ஏலக்காயைச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் நனைத்துக் காயவைத்தால் நிறம் மங்காது என்று முதலில் கண்டுபிடித்தவர் தாமே என்பார் மொக்கச்சாமி. கல்யாண வீடு, துக்க வீடு என்று பார்ப்பதில்லை. அறுபத்தொன்பதில் பத்திரிகையில் எழுதியும் இருந்தார். 1981 தை மாதம் விவசாயிகள் சங்க விழாவில் அதற்காகவே அவருக்குப் பொன்னாடை. விழா மலரின் கடைசியில், ஏலக்காய் பற்றி எழுதியவர்களின் பட்டியலாக, மாப்பிள்ளையின் நூலடைவு.

ராஜாராம் அட்டைகளை வருட வரிசையில் அடுக்கினார். அப்போதுதான் ஒரு சங்கதி யார் தலையில் உதித்து, யார் கைக்குப் போய் வளர்ந்தது என்று கண்ணால் பார்க்கலாம் என்பது அவர் கட்சி. பார்த்தும்விட்டார். மலைக்கு அந்தப் பக்கத்து வர்கீஸ் வாத்தியார், மலையாளத்தில் நாலு பக்கப் பிரசுரம், 1958. அதே சோடாத் தண்ணீர்.

ராஜாராமுக்குச் சோறு இறங்கவில்லை. அட்டையைக் கிழித்தால் நூலடைவு பொய். அச்சிட்டால் மாமனார் பொய்.

மனைவி பொன்னுமணி அட்டைகளை ஒரு பார்வை பார்த்தாள். "எதையும் கிழிக்க வேணாம். பேரு வரிசையில அடுக்குங்க. எது முந்தி எது பிந்தின்னு எவன் உக்காந்து பாக்கப் போறான்?"

அடுக்கினார். ஒரு அட்டையும் குறையவில்லை. வர்கீஸ் தானாகவே மொக்கச்சாமிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அகர வரிசைக்கு இத்தனை இளகிய மனசா என்று நூலகருக்கே ஆச்சரியம்.

திருத்தம் பார்க்க அச்சுப்பிரதி மாமனார் கைக்கு வந்தது. முதல் வரியில் வியாபாரி அபுபக்கர். மூட்டை கட்டுவது பற்றி எழுபத்துநாலில் ஒரே ஒரு பக்கம் எழுதியவர்.

"என்ன மாப்ளே, இந்தாளு முன்னால நிக்கிறாரு? நான் எழுதுனப்ப அவரு சாக்குத் தச்சுக்கிட்டு இருந்தாரு."

பெயர் வரிசை அப்படி என்று ராஜாராம் சொல்லிப்பார்த்தார்.

"வருச வரிசையில போடுங்க. யாரு முந்தின்னு ஊருக்கே தெரியட்டும்."

பொன்னுமணிக்கு அடுக்களையில் அவசர சோலி வந்துவிட்டது. யோசித்துத்தான் சொல்கிறீர்களா என்று மாமனாரை இரண்டு முறை கேட்டுவிட்டு, ராஜாராம் அச்சாபீசுக்குக் கிளம்பினார். மதுரை ரயிலைப் பிடிக்கக்கூட மனுசர் அப்படி ஓடியதில்லை என்று கடைவீதியில் பேச்சு.

விழா மேடையில், தோளில் பொன்னாடையோடு, மொக்கச்சாமி மலரின் கடைசிப் பக்கத்தை விரித்தார். விரல் முதல் வரியிலேயே நின்றது. தைக் குளிரில் முன்வரிசையில் ஒருவருக்கு மட்டும் வியர்த்தது.

மேடையை விட்டு இறங்கியதும் மாப்பிள்ளையை ஓரமாகக் கூப்பிட்டார்.

"யாரு இந்த வர்கீசு?"

"தவறிட்டாரு மாமா. நாலஞ்சு வருசம் ஆச்சு."

மொக்கச்சாமி பொன்னாடையை நீவிவிட்டுக்கொண்டார்.

"அப்ப, உசுரோட இருக்கவுகள்ல நான்தான முந்தி?"

"ஆமா மாமா."

"அதையும் ஒரு அட்டையில எழுதி வச்சுக்கங்க."